விழித்திருக்கும்போதே தூங்கிவிடும் மூளைப் பகுதிகள்

"என்ன யோசிக்கிறாய்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பது சில நேரம் மழுப்பல் அல்ல, அப்படியே உண்மை. மனம் அலைபாயும்போது அங்கே ஒரு நினைவாவது ஓடிக்கொண்டிருக்கும். மனம் வெறுமையாகிவிட்டால் அதுவும் இருக்காது. 2013-இல் வார்ட், வெக்னர் என்ற உளவியலாளர்கள் இதைத் தனி மனநிலை என்றே காட்டினார்கள்.

அப்போது மூளைக்குள் நடப்பதற்கு முதல் துப்பு எலிகளிடம் கிடைத்தது. நெடுநேரம் தூங்கவிடாத எலிகள் கண் திறந்து நடமாடும்போதே, அவற்றின் மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) சில நரம்பணுக்கள் மட்டும், தூக்கத்தில் நடப்பதுபோல, கணநேரம் அணைந்தன. 2011-இல் வெளியான அந்த ஆய்வில், அசைவுக்கான பகுதியில் அப்படி அணைந்த சமயங்களில் எலி சர்க்கரை உருண்டையை எடுக்கத் தவறுவது கூடியது.

மனிதர்களிடமும் இதன் சாயல் உண்டு. 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், பொத்தானை அழுத்தும் சலிப்பூட்டும் சோதனையின் நடுவே அவ்வப்போது நிறுத்தி, மனம் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். கூடவே ஈஈஜி, அதாவது மூளையின் மின்அலைகளின் பதிவும் ஓடியது. தூக்கத்துக்கே உரிய மெதுவான அலைகள் விழிப்பிலேயே தென்பட்டன. அவை முன்பக்கம் எழுந்தால் மனம் அலைபாய்ந்தது, கை அவசரப்பட்டது. பின்பக்கம் எழுந்தால் மனம் வெறுமையானது, கை தாமதித்தது. எழும் இடத்தைப் பொறுத்துத் தவறின் வகையே மாறுகிறது என்பது என்னைப் பொறுத்தவரை இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு.

மூளையின் ஒரு பகுதியே தூங்கிவிடுவதால்தான் "கவனமாக இரு" என்ற அதட்டல் இங்கே எடுபடுவதில்லை. 10 முதல் 20 நிமிடத் தூக்கம் உதவும். அரை மணியைத் தாண்டினால் எழுந்தபின் மந்தம் ஒட்டிக்கொள்ளும். காபி, தூக்கம் வரச்செய்யும் அடினோசின் என்ற வேதிப்பொருளைத் தடுத்துத் தூக்க உணர்வை மறைக்குமே தவிர, தூக்கக் கடனை அடைக்காது. வண்டி ஓட்டுபவர்கள் இதை மறக்கவே கூடாது: 80 கி.மீ. வேகத்தில் 3 நொடி வெறுமை என்றால் சுமார் 67 மீட்டர், பார்க்காமலேயே.

தேர்வறையில் வரும் வெறுமையின் கதை வேறு. அங்கே மூளை அசந்துபோகவில்லை, மிகையாக உசுப்பப்பட்டிருக்கிறது. உசுப்பும் வேதிப்பொருளான நார்அட்ரினலின் அளவு மீறும்போது, நெற்றிக்குப் பின்னால் உள்ள, யோசிக்க உதவும் மூளைப் புறணியின் இணைப்புகள் தளர்கின்றன. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் நினைவை மீட்பதைத் தடுக்கிறது. படித்தது அழிந்துவிடவில்லை. அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டாமல், மூச்சை நீளமாக வெளியே விட்டு, எளிய கேள்வி ஒன்றை எழுதிவிட்டுத் திரும்புங்கள். தொடர்புள்ள சொற்களை ஓரத்தில் கிறுக்கினாலும் ஏதாவது ஒன்று நூலாகப் பிடிபடும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. பேச்சின் நடுவே சட்டென நின்று, 5 முதல் 10 நொடி வெறித்து, தொட்டாலும் திரும்பாமல், இமை படபடத்து, பிறகு எதுவும் நடக்காததுபோலத் தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். ஒரே நாளில் பலமுறைகூட வரும். நரம்பியல் மருத்துவர் குழந்தையைச் சில நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்லி ஈஈஜி எடுப்பார். நொடிக்கு 3 என்ற கணக்கில் கூர்முனை அலைகள் வந்தால் நோய் உறுதியாகும். பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். வகுப்பில் கவனிப்பதில்லை என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் இதைக் கண்டுபிடிக்காமல் விடுவது பெரிய கொடுமை.