நீரால் எழுதியவை

டிசம்பர் 27

விண்ணப்பம் கிடைத்தது, பிரதி எடுத்து அஞ்சலில் அனுப்புவோம் என்று கலிபோர்னியாவின் சான் புரூனோவில் இருக்கும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. எந்தப் பெயரைக் குறிப்பிட்டேன் என்பதை மூன்று முறை சரிபார்த்துக்கொண்டேன். டிஸ்னியின் ‘பாம்பி’ படத்துக்குப் பின்னணி வரைந்த ஓவியர் அவர்; உலகம் அறிந்த பெயர் டைரஸ் வோங். பிறந்தபோது வைத்த பெயர் வோங் கென் இயோ. ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய சிறுவன் லுக் டாய் யாவ் என்ற பெயரில்தான் வந்தான். விலைக்கு வாங்கிய அந்தப் பெயர்தான் அவனுடைய குடியேற்றக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கும்.

டிசம்பர் 30

1920 டிசம்பர் 30 அன்று, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் குடியேற வந்தவர்களை நிறுத்தி விசாரித்த ஏஞ்சல் தீவில் இறங்கினார். 2016 டிசம்பர் 30 அன்று 106 வயதில் இறந்தார். இன்று இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 2

தந்தை அவருக்கு இரவுதோறும் எழுத்துப் பயிற்சி கொடுத்தார். மை வாங்கவும் தாள் வாங்கவும் வசதியில்லாததால், தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துப் பழைய செய்தித்தாளின் மேல் எழுத வைத்தார். அப்படியானால், நான் இரண்டு ஆண்டுகளாகத் தேடிவரும் தொடக்ககாலப் படைப்புகளில் மிகவும் பழையவை எழுதிய இரவிலேயே காணாமற்போனவை.

மாலையில் சமையலறை மேசைமேல் நாளிதழை விரித்து, மூங்கில் தூரிகையை வெறும் தண்ணீரில் தோய்த்து ஒரு கோடு இழுத்தேன். நீர் பட்ட இடம் கறுத்துச் சாம்பல் நிறமாயிற்று. பின்பக்கத்து விளம்பரத்தின் எழுத்துகள் இடம்வலம் மாறி அதனூடே தெரிந்தன. கோட்டின் மெல்லிய வால் முதலில் மறைந்தது. தூரிகை அழுந்தி நின்ற தொடக்கப் புள்ளி மட்டும் ஒரு கருப்பட்டித் துண்டுபோல் வெகுநேரம் நின்றது. முழுவதும் காய 11 நிமிடங்கள் ஆயின. அதன் பிறகு தாளைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்தால், எழுதிய இடம் சற்றே சுருங்கி அலையலையாக இருப்பது இடது கண்ணுக்குத் தெரிகிறது. வலது கண்ணுக்கு எல்லாத் தாளும் அலையலையாகவே தெரிவதால் அதன் சாட்சியத்தை நான் ஏற்பதில்லை. அந்தச் செய்தித்தாள்கள் எங்கேனும் மிஞ்சியிருந்தால் சுருக்கங்களை வைத்தே எழுத்துகளை மீட்டுவிடலாமே என்று அரைமணி நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவை அடுப்பெரிக்கவும் மீன் பொதியவும் போயிருக்கும்.

நிலையாமைக்கு நீர்மேல் எழுத்து என்று சொல்லிவிடுகிறோம். இது நீரால் எழுதிய எழுத்து. முதல் கோடு காய்வதற்குள் கடைசிக் கோட்டைப் போட்டாக வேண்டும் என்பதால், எதை விடலாம் என்பதைக் கை முன்கூட்டியே கற்றுக்கொள்கிறது. ‘பாம்பி’ படத்தின் காட்டில் ஓர் இலையைக்கூட முழுதாக வரையாமல் காடு முழுவதையும் காட்டியவருக்கு அந்தப் பாடம் எங்கே கிடைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அக்கா நாளிதழைத் தேடிக்கொண்டு வந்தவர், நனைந்த பக்கத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ஜனவரி 5

டிராகன்ஸ் டென் உணவகத்தின் புகைப்படம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். லாஸ் ஏஞ்சலஸின் பழைய சீனக் குடியிருப்புப் பகுதியில், தம் குடும்பத்தின் கலைப்பொருள் கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் எடி சீ 1935இல் திறந்த இடம் அது. பூச்சில்லாத செங்கற்சுவரின் மேல் டைரஸ் வோங்கும் அவருடைய நண்பர் பென்ஜி ஒகுபோவும் மற்றவர்களும் தாவோ மரபின் எட்டு அமரர்களை வரைந்தார்கள். செங்கற்களுக்கு இடையிலுள்ள காரைக் கோடுகள் ஆடை மடிப்புகளின் ஊடே நேராக ஓடுகின்றன. எது தூரிகைக் கோடு, எது காரைக் கோடு என்று ஓரளவுக்கு மேல் பிரிக்க முடியவில்லை. பலர் வரைந்த சுவரில் ஒருவருடைய கையை மட்டும் தேடுவது நியாயமா என்ற கேள்வியும் வந்தது.

அந்தக் கட்டடம் இன்று இல்லை. சுவரை எவரும் பெயர்த்து எடுத்து வைக்கவில்லை. அதே உணவகத்தின் உணவுப் பட்டியல் அட்டைக்கும் அவர் வரைந்தார் என்பதால், எவருடைய மேசை இழுப்பறையிலாவது எண்ணெய்க் கறையோடு ஓர் அட்டை கிடக்கலாம். சுவரைவிட அட்டைக்கு ஆயுள் அதிகம் என்று நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

ஜனவரி 6

வலது கண்ணால் பார்த்தால் கதவின் நிலை நடுவில் வளைந்து தெரிகிறது.

ஜனவரி 9

1936 முதல் 1938 வரை அவர் அரசின் கலைத் திட்டத்தில் ஓவியராக இருந்து நூலகங்களுக்கும் பிற பொது இடங்களுக்கும் படங்கள் வரைந்தார். அந்தத் திட்டத்தின் படைப்புகள் எங்கே கிடைத்தாலும் அவை இன்றும் அமெரிக்க அரசின் சொத்து. சொத்து என்று சொல்லிக்கொள்பவர்கள் அவற்றை எப்படிப் பேணினார்கள் என்பதும் தெரிந்த கதைதான்: நியூயார்க்கில், போர்க்காலத்தில், கிடங்கில் குவிந்திருந்த ஓவியத் துணிகள் எடைக்கு விற்கப்பட்டன, வெந்நீர்க் குழாய்களைச் சுற்றிக் கட்ட வாங்கப்பட்டவை, குழாய் சூடேறியபோது எண்ணெய்ச்சாயம் நாறியதால் மீண்டும் கடைக்கு வந்தன. நாற்றம் காப்பாற்றிய ஓவியங்கள் அவை. நீர்வண்ணம் நாறாது.

இன்று ஒரு நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். புதுப்பித்தபோது பழைய படச் சட்டங்களை எல்லாம் அகற்றிவிட்டதாகவும், எங்கே போயின என்று சொல்லக்கூடியவர் ஓய்வு பெற்றுவிட்டதாகவும் சொன்னார்கள். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். இது எனக்குப் பதினான்காவது நூலகம்.

ஜனவரி 13

இன்று கோபம்தான் மிஞ்சியது. 1938இல் அவர் டிஸ்னியில் சேர்ந்தபோது கிடைத்தது இடைச்சித்திர வேலை. முதன்மைக் கலைஞர், மிக்கி மவுஸ் கையை உயர்த்தும் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் வரைந்து கொடுப்பார். நடுவில் உள்ளவற்றை இவர், அடியிலிருந்து ஒளி வரும் மேசையில் தாள்களை அடுக்கி, மேலும் கீழுமாகப் புரட்டிப் புரட்டி வரைய வேண்டும். அது கண்ணைப் பிய்த்த வேலை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஐந்து ஆண்டுகள் ஓட்டிஸ் கலைக் கல்லூரியில் படித்தவர், அங்கே துப்புரவு வேலையும் பார்த்துக்கொண்டு படித்தவர், ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் எவர் கண்ணிலும் தங்காத சட்டங்களை வரைந்துகொண்டிருந்தார்.

நானும் இதே தொழிலில் இடைச்சித்திரத்தில் தொடங்கியவன் என்பதால் எனக்குத் தெரியும்: அவற்றில் கையெழுத்து இருக்காது, இருக்கவும் கூடாது. நல்ல இடைச்சித்திரம் என்பது வரைந்தவருடைய கை தெரியாத சித்திரம். அக்காலத்துக் குறும்படங்களை ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்க்கிறேன். அவருடைய கோடு இவற்றில் எங்கோ என் முன்னாலேயே ஓடுகிறது. அதைச் சுட்ட என்னால் முடியவில்லை. சுவர் இடிந்தது, நீர் காய்ந்தது. இது இரண்டும் இல்லாமல் தொலைந்திருக்கிறது. மருத்துவர் திரை பார்க்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார்.

ஜனவரி 14

அஞ்சலில் ஒன்றுமில்லை.

ஜனவரி 18

தந்தை முன்பே இந்நாட்டில் வாழ்ந்தவர் என்பதால் தீவிலிருந்து விரைவில் வெளியேறிவிட்டார். பத்து வயது மகன் மட்டும் ஏறத்தாழ ஒரு மாதம் அங்கே அடைபட்டிருந்தான். சீனர் நுழைவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1943 வரை நீடித்தது. 1906 நிலநடுக்கத்தையடுத்த தீயில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோனதால், இங்கேதான் பிறந்தேன் என்று சொன்னவரை மறுக்க முடியாமல், அவருக்குக் காகிதத்தில் மட்டும் மகனாக வருவதற்கு வழி பிறந்தது. அந்த வழியை அடைக்கத்தான் விசாரணை. உங்கள் தெருவில் எத்தனை வீடுகள், கிணறு எந்தப் பக்கம், வீட்டுக்கு எத்தனை படிகள் என்று அந்தத் தீவில் வந்தவர்களைக் குடைந்தார்கள். தந்தை சொன்னதும் மகன் சொன்னதும் ஒத்துப்போக வேண்டும். 1921 ஜனவரி 27 அன்று மூன்று அதிகாரிகளும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஒரு சுருக்கெழுத்தாளரும் சூழ்ந்திருக்க, அவன் ஒரு பிழையும் இல்லாமல் பதில் சொன்னான்.

அன்று அவன் வாயிலிருந்து வந்த பொய்யை நூறு ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அவன் தண்ணீரில் எழுதிய ஓர் எழுத்துகூட இல்லை. பெரியவர்கள் அங்கே தங்குமிடத்தின் மரச்சுவர்களில் கவிதைகளைச் செதுக்கினார்கள். பூசி மறைத்த பிறகும் அவை பிழைத்துக் கிடந்து, 1970இல் ஒரு பூங்காக் காவலரின் கண்ணில் பட்டன. சிறுவனிடம் கத்தி இருந்திருக்காது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். விசாரணை முடிந்ததும் அவனைக் கையெழுத்திடச் சொல்லியிருப்பார்களா? சொல்லியிருந்தால், மையில், தாளில், அவன் கையால் இட்ட கோடு ஒன்று அந்தக் கோப்பில் இருக்கும். அது பொய்ப் பெயராக இருந்தாலும் கோடு அவனுடையது.

ஜனவரி 22

கிடைத்திருப்பதைப் பார்க்காமல் கிடைக்காததையே ஏன் தேடுகிறாய் என்று அக்கா கேட்டார். ‘பாம்பி’யை இருவரும் சேர்ந்து பார்த்தோம். பெயர்ப் பட்டியலில் பின்னணி ஓவியர்களில் ஒருவராக அவர் பெயர் வந்து போனது. படம் வெளியான 1942இல் அவர் அங்கே இல்லை, 1941 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அனுப்பப்பட்டுவிட்டார். பனிமூட்டத்தில் மான் நிற்கும் இடத்தில் அக்கா, “இது ஈரம் காய்கிற மாதிரியே இருக்கிறதே” என்றார். நான் அவரிடம் செய்தித்தாளைப் பற்றிச் சொன்னதே இல்லை.

ஜனவரி 27

இன்று அந்த நாள். அஞ்சலில் ஒன்றுமில்லை.

ஜனவரி 29

நாளை காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். இன்று பரிசோதனைக்காகக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டிருந்ததால் வீடு திரும்பியபோது எல்லாமே வெள்ளையாக இருந்தது. வாசலில் பழுப்பு உறை கிடந்தது. எழுத்துகள் தெரியவில்லை, கனத்தைக் கையால் பார்த்தேன். அக்கா தாம் பிரித்துப் படிக்கட்டுமா என்று கேட்டார். படிப்பதற்கு ஒன்றுமில்லை அக்கா, கடைசிப் பக்கத்தின் கீழே ஏதாவது கோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்து வர உள்ளே போயிருக்கிறார்.