ரம்மியில் டிக் அடிக்கும் முன்: பட்டாலையில் புழங்கும் சொற்கள்

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளில் பந்தி ஓய்ந்ததும் பட்டாலை என்னும் கூடத்தில் ரம்மிக்கு ஜமுக்காளம் விரிப்பார்கள். கட்டைக் கலைக்கும்போதே "ஸ்கூட் எவ்வளவு, ஃபுல் எவ்வளவு?" என்று, அதாவது ஆடாமல் விலகினால் எத்தனை புள்ளி, தோற்றால் அதிகபட்சம் எத்தனை புள்ளி என்று, கேட்டுவிட வேண்டும். பாதி ஆட்டத்தில் கேட்டால்தான் சண்டை.

ஆறு பேர் வரை இரண்டு கட்டு போதும். ஆளுக்கு 13 சீட்டு. மீதியில் ஒன்றைத் திருப்பிக் கட்டுக்கு அடியில் வைத்தால் அதுதான் வெட்டு ஜோக்கர். இஸ்பேட் 8 வந்தால் எல்லா எட்டும் ஜோக்கர். அச்சடித்த ஜோக்கரே வந்தால் ஆஸ் எல்லாம் ஜோக்கர் ஆவது பரவலான வழக்கம்.

இனி ஒரிஜினல். ஒரே இனத்தில் அடுத்தடுத்த மூன்று சீட்டாவது, ஜோக்கர் உதவியில்லாமல் சேர்ந்திருக்க வேண்டும். இது இல்லாமல் ஆட்டமே கிடையாது. எட்டு ஜோக்கராக இருக்கும்போது இஸ்பேட் 7-8-9 வைத்திருப்பவர், "ஜோக்கர் கலந்துவிட்டதே" என்று அதைக் கலைத்துவிடுவதுண்டு. கலைக்கக் கூடாது. எட்டு தன் இடத்திலேயே நிற்பதால் அது ஒரிஜினல்தான்.

இதன் அருமை எண்ணும்போது தெரியும். மூன்று ராஜா, மூன்று ராணி, ஆட்டின் 5-ஜோக்கர்-7, உதிரியாக 9, 6, 3, 2. பார்க்க அழகான கை. எதிராளி டிக் அடித்துவிட்டால், அதாவது கை சேர்ந்துவிட்டது என்று இறக்கிவிட்டால், ஒரிஜினல் இல்லாத இந்தக் கையில் எல்லாமே கவுண்ட், அதாவது உங்கள் மேல் ஏறும் தோல்விப் புள்ளி: 30, 30, 12, 20 சேர்ந்து 92. ஃபுல் 80 என்பதால் அதோடு நிற்கும். ஆஸும் படச்சீட்டுகளும் பத்துப் பத்து, ஜோக்கருக்கு மட்டும் சுழி. ராஜா ராணியைக் கட்டிக்கொண்டு உட்காருவதைவிட ஒரிஜினலுக்கு வழி தேடுவதே மேல்.

காத்திருப்பதிலும் கணக்கு இருக்கிறது. கிளாவர் 6-7 வைத்திருந்தால் 5 அல்லது 8 வரலாம், இரண்டு கட்டிலும் சேர்த்து நான்கு சீட்டு. 6-8 என்றால் 7 மட்டும், இரண்டே சீட்டு. அதில் ஒன்று கீழே விழுந்ததைப் பார்த்தபிறகும் பிடித்துக்கொண்டிருப்பது வீண். ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதையும் ஒரு காரணமாகக் காட்டியது.

ஸ்கூட் என்றால் முதல் சீட்டை எடுக்காமலே கையை வைத்துவிடுவது, 20 புள்ளி. எடுத்தபிறகு வைத்தால் மிடில் ஸ்கூட், 40. ஒரிஜினலும் இல்லை, ஜோக்கரும் இல்லை, பக்கத்துப் பக்கத்துச் சீட்டும் இல்லையென்றால் தயங்காமல் ஸ்கூட் விடுங்கள். 101 புள்ளியைத் தொட்டவர் வெளியேறும் 101 ஆட்டத்தில் ஐந்து முறை ஸ்கூட் விட்டாலும் 100-தான், இன்னும் உள்ளேதான் இருப்பீர்கள். ஆறாவதில் அவுட்.

கடைசியாக டிக். ஒரிஜினல் ஒன்று, அதோடு ஜோக்கர் வைத்தோ வைக்காமலோ இன்னொரு வரிசை, மீதி செட், அதாவது ஒரே எண் கொண்ட சீட்டுகள். செட்டில்தான் பலர் வழுக்குவார்கள். கட்டு இரண்டு என்பதால் ஆட்டின் 9 இரண்டு கையில் சேர்ந்துவிடும், டைமண்ட் 9-ஐயும் கூட்டி மூன்று ஒன்பது என்று இறக்குவார்கள். செட்டில் ஒவ்வொரு சீட்டும் வேறு வேறு இனமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது தப்பு டிக், எதிராளி கையில் எது இருந்தாலும் டிக் அடித்தவருக்கு 80.