தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஐம்பது நிமிடம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு சின்னது. அம்மா, அப்பா, ஆயா என்று நான் கூப்பிடும் பாட்டி, நான். போனில் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் ஆயாவுக்குக் கேட்டுவிடும். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போய், சில்வர் பீச்சில் கூட்டம் இல்லாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொள்வேன். என் மனநல கவுன்சலர் சென்னையில் இருக்கிறார். எட்டு மாதமாகப் பேசுகிறோம், நேரில் பார்த்ததே இல்லை.

எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும். பத்தொன்பது வயதில் தெரிந்தது, முப்பது தாண்டும்வரை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பேச்சு எடுத்தாலே நெஞ்சு படபடக்கும், விடியும்வரை தூக்கம் வராது.

இதற்கு முன்பு ஒருமுறை பாண்டிச்சேரியில் ஒருவரிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க என்றார். திரும்பி வரும்போது பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள், இனி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். இப்படி 'சரிசெய்ய' முயல்வதைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்றே சொல்லியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதைப் படித்த அன்று நான் அழுதேன். மருத்துவர்கள் இப்படிச் செய்தால் அது தொழில் ஒழுக்கக்கேடு என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது.

இப்போது பேசுகிறவர் வேறு மாதிரி. மூன்றாவது வாரம் நான் கேட்டேன்: "வீட்ல சொல்லட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க." அவர் பதில் சொல்லவில்லை. "சொன்னா அம்மா உங்கள விட்டு விலகிடுவாங்களோன்னு பயமா இருக்கு, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, இதற்கா காசு கொடுக்கிறோம் என்று. ஆனால் அதே கோபத்தில் "இல்ல, அம்மா இல்ல, ஆயா" என்று என் வாயிலிருந்து வந்தது. என்னை வளர்த்தது ஆயாதான். இத்தனை வருடம் அம்மாவுக்குப் பயப்படுகிறேன் என்றே நினைத்திருந்தேன். அவர் புரிந்துகொண்டது தவறாக இருந்தாலும் பரவாயில்லை, அதைத் திருத்தும் உரிமை எனக்கு இருந்தது, நான் திருத்தியதும் அவர் சட்டென்று என்னோடு வந்துவிட்டார்.

இப்படி அறிவுரை சொல்லாமல் கேட்டுப் புரிந்துகொள்ளும் முறையை உருவாக்கியவர் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். 1957-ல் அவர் எழுதிய கட்டுரையில் கவுன்சலரிடம் இருக்க வேண்டியவை என்று சொன்னது இவற்றைத்தான்: நடிக்காமல் இருப்பது, எதிரில் இருப்பவரை நிபந்தனை இல்லாமல் ஏற்பது, அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்வது. படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். பன்னிரண்டு வருடம் வாய் மூடி இருந்துவிட்டு அது கிடைக்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

ஆன்லைனில் குறைகளும் உண்டு. அழுகிற நேரம் பார்த்து டவர் போகும், காற்று அடித்தால் நான் பேசுவது அவருக்குக் கேட்காது, ஐப்பசி மழையில் கடற்கரைக்கே போக முடியாது. ஆனால் எங்கள் ஊரில் கவுன்சலிங் வாசலில் நான் நின்றால் இருட்டுவதற்குள் பெரியப்பா காதுக்குப் போய்விடும். எனக்கு இதுதான் வழி.

நீங்களும் தேடுகிறீர்கள் என்றால், முதல் போனிலேயே "இத மாத்த வேண்டிய விஷயமா நினைக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். இழுத்தால் வைத்துவிடுங்கள். கவுன்சலர் மருந்து எழுத முடியாது. எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போனபோது அவரே மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்கு போன் செய்யுங்கள்: டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, தமிழில் பேசலாம், காசு இல்லை.

ஆயாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன வியாழக்கிழமை கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்திருந்தது. "வாரா வாரம் எங்கடி போற?"

"ஒருத்தங்களோட பேசப் போறேன் ஆயா."

"திட்டுவாங்களா?"

"இல்ல. நான் சொல்றத கேப்பாங்க."

ஆயா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. அப்புறம் நகர்ந்து, ஸ்கூட்டி இறங்க வழிவிட்டது.