ரிஃப்ரெய்ன்: பின்னால் வரும் ‘ஃப்ரம்’

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பிழை திருத்தும் கேள்விகளில் அவர்கள் அதிகம் தடுமாறுவது ‘ரிஃப்ரெய்ன்’ என்ற வினைச்சொல்லில்தான். செய்யத் தோன்றும் ஒன்றைச் செய்யாமல் நம்மை நாமே நிறுத்திக்கொள்வது அது. ‘ரிஃப்ரெய்ன் டு ஸ்மோக்’ தவறு; ‘ரிஃப்ரெய்ன் ஃப்ரம் ஸ்மோக்கிங்’ சரி.

‘ரிஃப்ரெய்ன் ஹிம்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். அடுத்தவரைப் பிடித்து நிறுத்த ‘ரிஸ்ட்ரெய்ன்’ வேண்டும். அடிக்கப் போனவரைப் போலீஸ் மடக்கினால் ரிஸ்ட்ரெய்ன்; அவரே ஓங்கிய கையை இறக்கிக்கொண்டால் ரிஃப்ரெய்ன்.

லத்தீனில் ‘ஃப்ரேனும்’ என்றால் கடிவாளம். அதிலிருந்து வந்த சொல் இது. குதிரையும் நாமே, கடிவாளத்தை இழுக்கும் கையும் நாமே என்பதால் எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம். (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் வரியையும் ரிஃப்ரெய்ன் என்பார்கள். எழுத்து ஒன்றுதான், ஆனால் அது ‘உடைத்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையில் பிறந்தது.)

இந்தச் சொல்லின் முழு கனமும் தெரிவது 1945-ல் எழுதிய ஐ.நா. சாசனத்தில். பிற நாடுகளின் எல்லைக்கோ சுதந்திரத்துக்கோ எதிராக பலத்தைப் பயன்படுத்தாமல், பயன்படுத்துவோம் என்று மிரட்டாமல் உறுப்பு நாடுகள் விலகி நிற்க வேண்டும் என்கிறது 2(4) பிரிவு. அங்கே இருக்கும் வினை ரிஃப்ரெய்ன்.

அப்புறம், வாக்களிக்காமல் ஒதுங்குவதற்கு ‘அப்ஸ்டெய்ன்’. 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் தீர்மானத்தின்போது ஐ.நா. பொதுச்சபையில் இந்தியா உட்பட 35 நாடுகள் செய்தது அதைத்தான்.