பாசலுக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில்

சுவிசில் அகதி விண்ணப்பம் கொடுத்தவருக்கு முதலில் கிடைப்பது ‘என்’ (N) காட். கேஸ் முடியும்வரை இருக்கலாம், அவ்வளவுதான். எல்லை தாண்ட முடியாது. எனக்கு முதல் முடிவு ரிஜெக்ட் என்று வந்தது. மேன்முறையீடு போட்டுவிட்டுத் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் மன்னாரில் அப்பா காலமானார். அடக்கப் பூசையை ஃபோனில்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு செபமாலையைக் கையில் எடுத்தால் வாயில் சொல் வரவில்லை. “எல்லாம் நன்மைக்குத்தான்” என்று ஆறுதல் சொன்னவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் அப்பாவின் சாவை நன்மை என்று சொல்லும்படி கடவுள் என்னைக் கேட்கமாட்டார் என்றே நம்புகிறேன். விவிலியத்தின் 13ஆம் திருப்பாடல் எடுத்த எடுப்பிலேயே ‘இன்னும் எத்தனை காலம்’ என்று நான்கு முறை அவரைக் கேட்கிறது. 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. கடைசியில் ஓர் ஆறுதல் வரிகூட இல்லை. அப்படியிருந்தும் அதைப் பாடியவர் ஆண்டவரோடு பேசுவதை நிறுத்தவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சொல்ல முடிந்த செபம் அது ஒன்றுதான்.

தமிழ்ப் பூசைக்கு வரும் ஓர் அண்ணை ஒருநாள், “தங்கச்சி, மரியஸ்டைன் மாதா கோயிலுக்கு ஒருக்கா வாங்கோ. ட்ராமிலை ஏற வேண்டாம், நான் காரிலை கூட்டிக்கொண்டு போறன்” என்றார். பாசலிலிருந்து போகும் 10ஆம் இலக்க ட்ராமில் மரியஸ்டைனுக்குப் போகிறவர்கள் ஃப்ளூ என்ற ஊரில் இறங்கவேண்டும். அதைத் தவறவிட்டால் ட்ராம் லைமென் என்ற பிரெஞ்சு ஊருக்குள் புகுந்துவிடும். ‘என்’ காட்டோடு அதில் இருப்பவருக்கு அந்த நினைப்பே நெஞ்சிடிதான். நாங்கள் ஹோஃப்ஸ்டெட்டன் வழியாகச் சுவிசுக்குள்ளேயே போனோம்.

மரியஸ்டைனில் மாதாவின் சிற்றாலயம் பாறைக் குகைக்குள் இருக்கிறது. நீண்ட கற்படிகளில் இறங்கிப் போகவேண்டும். மலைவிளிம்பிலிருந்து விழுந்த ஒரு பிள்ளையை மாதா காப்பாற்றினார் என்பது தலவரலாறு. வழிநெடுகச் சுவரில் நன்றிக் கற்கள். மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலில் போலவே இங்கேயும் எங்கள் சைவச் சனங்கள் வந்து மெழுகுதிரி கொளுத்திக் கும்பிடுகிறார்கள். அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் என்னைத் தூக்கி நிறுத்தியது அங்குள்ள பெனடிக்ட் சபைத் துறவிகளின் கதை. 1874இல் அரசு அந்த மடத்தைக் கலைத்தது. துறவிகள் பிரான்சுக்குப் போனார்கள், பிறகு ஆஸ்திரியாவுக்கு. 1941இல் நாசிகள் அவர்களை பிரெகென்ஸ் நகரிலிருந்து துரத்தியபோது, தங்கள் சொந்த மடத்துக்கே தஞ்சம் கேட்டுத் திரும்பி வந்தார்கள். மடம் முறைப்படி அவர்கள் கைக்கு வந்தது 1971இல்தான். கலைத்தபோது அங்கிருந்தவர்களில் யார் அதைக் கண்டிருப்பார்கள்? ஒருவரும் இல்லை. இருந்தும் போன இடமெல்லாம் அதே திருப்பாடல்களைப் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் மடு மாதாவும் இடம்பெயர்ந்தவதான். ஒல்லாந்தரின் கொடுமைக்குத் தப்பி 1670இல் மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்தச் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் அதைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். சனத்தோடு சேர்ந்து ஓடிய தாயிடம் என் கேஸைப் பற்றிப் பேச எனக்கு என்ன தயக்கம்?

கேஸ் கடைசியில் ‘எஃப்’ (F) காட்டாக முடிந்தது. அகதி அந்தஸ்து இல்லை, ஆனால் திருப்பி அனுப்பமாட்டார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். அம்மாவை இங்கே கூப்பிட வழியில்லை. அதை மாதாவிடம் சிலநேரம் கோபத்தோடும் கேட்கிறேன்.

பாசல் பக்கம் முடிவுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் யாராவது மரியஸ்டைனுக்குப் போக விரும்பினால் தமிழ்ப் பூசை முடிந்ததும் வந்து கேளுங்கோ. எங்கள் காரில் இடம் இருக்கு, ஹோஃப்ஸ்டெட்டன் வழியாகவே போகலாம்.