மூன்று பேர், மூன்று கடைசிப் பெயர்: ஒரு பெர்லின் நாட்குறிப்பு

5 மார்ச் 2024, செவ்வாய்

பெர்லினுக்கு வந்து ஐந்தாவது வாரம். முகவரிப் பதிவு ஒருவழியாகப் போன வாரம் முடிந்தது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிய நேரம் கிடைப்பதற்கே அதற்கு மேல் ஆகிறது என்பது நடப்பு. அந்த ஒரு தாள் கைக்கு வந்தால் பாப்பாவைக் கீட்டாவில் சேர்த்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கீட்டா என்றால் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். ஒரு வயது முடிந்த எந்தக் குழந்தைக்கும் இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் ஜெர்மனி முழுக்க இருக்கிறது. உரிமை இருக்கிறது, இடம் இருக்கிறதா என்பது வேறு கதை.

இவருடைய அலுவலக நண்பர் இன்று போனில் பொறுமையாக விளக்கினார். முதலில் குட்ஷைன் வாங்க வேண்டுமாம். ஒருவகைச் சீட்டு. நம் வட்டாரத்து யூகெண்ட்அம்ட், அதாவது சிறுவர் நல அலுவலகம், அதைத் தரும். அந்தச் சீட்டு இல்லாமல் எந்தக் கீட்டாவும் ஒப்பந்தம் போடாது. சேர்க்க நினைக்கும் தேதிக்கு ஒன்பது மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு இரண்டு மாதம் முன்பு. பெர்லினில் 2018 ஆகஸ்ட்டிலிருந்து கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. இதைக் கேட்டதும் இவர் முகத்தில் வெளிச்சம். எனக்கு அந்த “முதலில்” என்ற சொல்லிலேயே மனசு நின்றுவிட்டது. இந்த ஊரில் எதற்கும் முன்னால் ஒரு “முதலில்” இருக்கிறது.

11 மார்ச், திங்கள்

பாப்பா தூங்கியபின் விண்ணப்பத்தோடு உட்கார்ந்தோம். முதல் கட்டத்திலேயே முட்டிக்கொண்டது. நாஹ்நாமே. கடைசிப் பெயர், குடும்பப் பெயர்.

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் வெளிநாட்டில் சிக்கல் வரும் என்று யாரோ சொல்ல, அவரவர் அப்பா பெயரை அதில் போட்டோம். அதனால் என் பெயருக்குப் பின்னால் என் அப்பா, இவர் பெயருக்குப் பின்னால் என் மாமனார், பாப்பா பெயருக்குப் பின்னால் இவர். ஒரே வீடு, மூன்று பேர், மூன்று கடைசிப் பெயர். ஊரில் இனிஷியலாக ஒற்றை எழுத்துக்குள் அடங்கிக் கிடந்தவர்களெல்லாம் இங்கே முழு ஆளாக எழுந்து நிற்கிறார்கள். போன வாரம் வங்கியில் “ஹெர்”, அதாவது திரு, போட்டு மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. ஒரு நொடி யாரும் அசையவில்லை. பிறகு இவர் எழுந்து போனார்.

போதாக்குறைக்குப் பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியாதே. தமிழர்கள் எப்படிப் பெயர் வைக்கிறோம் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதி, ஜெர்மனில் மொழிபெயர்த்து இணைத்திருக்கிறேன். பள்ளியில் கட்டுரைப் போட்டிக்குக்கூட இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

வீட்டில் பெரும்பாலும் ஜெர்மன் பேசுகிறோமா என்றும் ஒரு கேள்வி. பாப்பாவுக்கு “ஹாலோ”வும் “ச்சூஸ்”ஸும் தெரியும். இல்லை என்று டிக் அடித்தேன்.

19 மார்ச், செவ்வாய்

பதினான்கு கீட்டாக்களுக்கு எழுதியாயிற்று. நான்கிலிருந்து பதில். மூன்றில் காத்திருப்போர் பட்டியல். ஒன்றில் மட்டும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கோடையில் கிளம்பிவிடுவார்கள், ஆகஸ்டில் இடம் வரலாம், குட்ஷைன் வந்ததும் சொல்லுங்கள் என்றார்கள். “வரலாம்” என்பதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

2 ஏப்ரல், செவ்வாய்

தபால் பெட்டியில் விளம்பரத் தாள் மட்டும். ஈஸ்டர் விடுமுறையால் தாமதமாக இருக்கும் என்கிறார் இவர்.

11 ஏப்ரல், வியாழன்

ஈஸ்டர் இல்லை. நான்தான்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எழுதி வைத்திருந்த ஜெர்மன் வாக்கியத்தை மூச்சு விடாமல் படித்தேன். அந்தப் பக்கம் இருந்த அம்மாள் சிரிக்காமல், மெதுவாகவே பதில் சொன்னார். சீட்டு மார்ச் மாதமே அனுப்பிவிட்டார்களாம். அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டதாம். “உங்கள் பெயர் பெட்டியில் இருக்கிறதா?” என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதுதான் அடிவயிற்றில் சில்லென்றது.

இங்கே முகவரியில் பெரும்பாலும் வீட்டு எண் போடுவதில்லை. தெரு, கட்டட எண், அவ்வளவுதான். எங்கள் கட்டடத்தில் பதினெட்டு வீடு. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். விண்ணப்பித்தது நான். பெட்டியில் இருப்பது மாமனார் பெயர். என் அப்பா பெயருக்கு வந்த கடிதத்தை அவர் எந்தப் பெட்டியில் போடுவார்?

போனை வைத்ததும் செல்லோடேப், கத்தரிக்கோல், மார்க்கர் பேனாவோடு கீழே இறங்கினேன். விரல் நீளத் துண்டுத் தாளில் மூன்று பெயரும் அடங்க வேண்டும். முதல் துண்டில் என் அப்பா பாதியில் வெட்டுப்பட்டார். இரண்டாவதில் மூன்று பேரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, எறும்பு எழுத்தில் எழுதி ஒட்டினேன். அழைப்புமணிப் பலகைக்கும் அதேபோல ஒன்று. கீழ்வீட்டுப் பாட்டி கைப்பையோடு நின்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். “மேலே எத்தனை குடும்பம் இருக்கிறீர்கள்?” என்றார். ஒன்று என்று விரலைக் காட்டினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

19 ஏப்ரல், வெள்ளி

வந்துவிட்டது! நாளொன்றுக்கு ஐந்திலிருந்து ஏழு மணி நேரம். ஏழுக்கு மேல் வேண்டுமென்றால் வேலைக்குப் போகிறேன் என்று முதலாளியிடமிருந்து சான்று வேண்டும். எனக்கு இன்னும் வேலை இல்லை. வேலை தேடப் பிள்ளையை எங்கேயாவது விட வேண்டும் என்பதும் வாஸ்தவம். ஏழே போதும். அந்த ஒரு கீட்டாவுக்கு உடனே தகவல் சொன்னேன்.

14 மே, செவ்வாய்

குழந்தை மருத்துவர். 2020 மார்ச் முதல் இங்கே தட்டம்மைத் தடுப்புச் சட்டம் ஒன்று நடப்பில் இருக்கிறது. இரண்டு வயதான பிள்ளைக்கு இரண்டு ஊசியும் போட்டிருப்பதைக் காட்டாமல் கீட்டாவில் சேர்க்க முடியாது. பாப்பாவுக்கு ஒன்பது மாதத்தில் ஒன்று, பதினாறாவது மாதத்தில் ஒன்று போட்டது. ஆனால் அட்டையில் அது “எம்ஆர்” என்று இரண்டே எழுத்து, பக்கத்தில் நர்ஸின் கிறுக்கல். இங்கே தட்டம்மைக்கு மாசர்ன் என்று பெயர். மருத்துவர் அட்டையை மேலும் கீழும் திருப்பிப் பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்தது. பிறகு “ஆ, மாசர்ன், ரூபெல்லா!” என்று அவரே கண்டுபிடித்து, இங்கத்திய மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தில் தேதி தேதியாக எழுதி முத்திரை குத்தினார்.

பாப்பாவின் இடது தோளில் பிசிஜி, அதாவது காசநோய்த் தடுப்பூசித் தழும்பைப் பார்த்ததும் உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த நாட்டில் 1998லிருந்து அதைப் பரிந்துரைப்பதில்லையாம். அந்த இளம்பெண் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் என் கைச் சட்டையை ஏற்றி என்னுடையதையும் காட்டினேன்.

வளர்ச்சிப் பரிசோதனைகளுக்குத் தனியாக இன்னொரு மஞ்சள் புத்தகம். பிறந்ததிலிருந்து யு1, யு2 என்று வரிசை. இரண்டு வயதுக்கான யு7 இன்றே செய்துவிட்டார். முதல் ஆறு பரிசோதனைக்கான பக்கங்கள் வெற்றாகக் கிடக்கின்றன. அந்த மாதங்களில் பாப்பா இல்லவே இல்லை என்பது போல. வீட்டுக்கு வந்து ஊர் ஆஸ்பத்திரி எடைக் குறிப்புகளை மடித்து அதற்குள் செருகி வைத்தேன். யாரும் கேட்கப்போவதில்லை.

6 ஜூன், வியாழன்

இடம் உறுதி. ஒப்பந்தத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு ஒரு கட்டுத் தாள். போட்டோ எடுக்கச் சம்மதமா. வெயிலுக்குக் கிரீம் தடவலாமா. உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் அவர்களே பிடுங்கலாமா. உண்ணிக்கு ஒரு தனிக் கையெழுத்து! ஊரில் மாட்டுக்குப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே போட்டேன். இங்கத்து உண்ணி நோய் பரப்பும் என்று இவர் படித்துச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், ஒன்றைத் தவிர. எங்கள் இருவரையும் பிடிக்க முடியாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும்? குழந்தையை அழைத்துப் போக வேறு யாருக்கு அனுமதி? மூன்று வரி விட்டிருந்தார்கள். ஊரில் என்றால் மூன்று வரி போதாமல் சித்தி கோபித்துக்கொண்டிருப்பாள். இங்கே பேனா அப்படியே நின்றது. அலுவலக நண்பர் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறார். ராத்திரி எட்டு மணிக்குக் கீழ்வீட்டுப் பாட்டியின் கதவைத் தட்டினேன். தாளைக் காட்டினேன். உள்ளே போய்க் கண்ணாடி போட்டு வந்து, தன் பெயரையும் எண்ணையும் தன் கையாலேயே எழுதினார். அச்சடித்த மாதிரி எழுத்து. இரண்டு வரி இன்னும் காலி. இருக்கட்டும்.

12 ஆகஸ்ட், திங்கள்

முதல் நாள். ஐன்கெவோனுங், பழக்கப்படுத்தும் காலம். இவர்கள் பின்பற்றுவது பெர்லின் முறை: முதல் மூன்று நாள் நானும் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், நாலாவது நாள்தான் கொஞ்ச நேரம் விலகிப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் குட்டி நாற்காலியில் முட்டியை மடக்கிக்கொண்டு இருந்தேன். பாப்பா என் மடியை விட்டு நகரவில்லை.

15 ஆகஸ்ட், வியாழன்

நாலாவது நாள். “அம்மா வெளியே போயிட்டு வரேன், சரியா?” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், நழுவக் கூடாது. சொன்னேன். உதடு பிதுங்கியது. கதவு சாத்தியதும் ஒரே அலறல், பிறகு விக்கல், பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது.

தாழ்வாரத்தில் சட்டை மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. எழுத்துத் தெரியாத பிள்ளைகள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பாப்பாவுக்குக் குடை. அதன்கீழ் அவளுடைய மழைக் கால்சட்டை. கடைசிப் பெயர் எங்கேயும் இல்லை. பதினைந்து நிமிடம் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் போன், அழைப்பு எதுவும் வரவில்லை.

கதவு திறந்தது. ஆசிரியை தலையை நீட்டி, தாழ்வாரத்தில் இருந்த பெற்றோர்களைப் பார்த்து, பாப்பாவின் பெயரைச் சொல்லி, “அவளோட மாமா யாரு?” என்று ஜெர்மனில் கேட்டார். மாமா என்றால் இங்கே அம்மா.

எழுந்து போனேன்.