எத்தனாவது நிமிடத்தில் இறக்கினார்கள்?

"ஒங்க ஊருக்காரனுவ அறுபத்தெட்டு வாங்கிட்டானுவளாமே, மருமோனே?" என்று மாமா தொலைபேசியில் கேட்டபோது, தோல்வியைக் காட்டிலும் அந்த 'ஒங்க ஊரு' என்ற சொல்தான் என்னைத் தைத்தது. 2025 மார்ச் 15 அன்று வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் இங்கிலாந்து ரக்பி அணியிடம் வேல்ஸ் 68-14 என்று தோற்றதற்கு மறுநாள் காலை அது. குமரி மாவட்டக் கொல்லங்கோட்டில் பிறந்து, நீரோடிக் கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்த என்னை என் தாய்மாமனே வேறோர் ஊரின் கணக்கில் எழுதிவிட்டார். அப்படி இல்லை என்று மறுக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் வந்த சொற்கள் வேறு: "மாமா, ஆள மாத்துன விதம் சரியில்ல."

நாங்கள் வேல்ஸுக்கு வந்தது 2023 நவம்பரில். மனைவிக்கு மருத்துவமனையில் செவிலியர் பணி. எனக்கு ரோண்டா பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை. அதற்கு முந்தைய மாதம் 7 ஆம் தேதி, உலகக் கோப்பையில் ஜார்ஜியாவை 43-19 என்று வேல்ஸ் வென்றிருந்தது. அதன் பிறகு 2025 ஜூலை வரை தொடர்ச்சியாக 18 டெஸ்ட் ஆட்டங்களில் தோற்றது (ரக்பியில் நாடுகளுக்கிடையிலான ஆட்டத்தை டெஸ்ட் என்பார்கள்). 2024 இல் ஆடிய 11 டெஸ்டுகளில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் இருபது மாதங்களும் தோல்வியின் மாதங்கள். அதனாலேயே இந்த அணி என்னை இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன். வென்றுகொண்டிருக்கும் வீட்டுக்குள் புதியவன் நுழைந்தால் ஓரமாகத்தான் நிற்பான். துக்க வீட்டில் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.

எனக்கு ரக்பி கற்றுத்தந்தவர் எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பெரியவர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். என்னைப் பெயர் சொல்லி அழைக்காமல் 'பட்' என்றுதான் கூப்பிடுவார். இந்தப் பள்ளத்தாக்குகளில் கூட்டாளியை அப்படித்தான் அழைப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்து 'மக்கா'வேதான். பதினைந்து பேர் களத்தில், எட்டுப் பேர் பெஞ்சில், ஆட்டம் 80 நிமிடம் என்பதை அவர் தேநீர்க் கோப்பைகளையும் மாத்திரைப் பெட்டியையும் மேசையில் அடுக்கிக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தார். காயம், இரத்தம் போன்ற சில விலக்குகளைத் தவிர, வெளியே எடுக்கப்பட்டவர் திரும்பக் களத்துக்கு வர முடியாது. இரு அணி முன்களத்தாரும் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசையில் நின்று தோள்கொடுக்கும் மூவருக்கும் அதற்கென்றே பயின்ற மாற்றாட்கள் பெஞ்சில் இருந்தாக வேண்டும். ஆகவே அந்த எட்டுப் பேரை யார், எத்தனை முன்களத்தார், எத்தனை பின்களத்தார் என்று தேர்வதும், எப்போது இறக்குவது என்று முடிவெடுப்பதும் பயிற்சியாளரின் பாதி வேலை. மீதிப் பாதியை வாரம் முழுவதும் செய்துவிட்டு வரலாம். இதை மட்டும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தாக வேண்டும்.

வேல்ஸ் அணி மீது எனக்குள்ள மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது. 2024 பிப்ரவரி 10 அன்று லண்டனின் ட்விக்கனம் திடலில் இங்கிலாந்துக்கு எதிராக இடைவேளையின்போது வேல்ஸ் 14-5 என்று முன்னிலை வகித்தது. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 16-14 என்று தோற்றது. ஓராண்டு கழித்து கார்டிஃபில் அயர்லாந்துக்கு எதிராக இடைவேளையில் 13-10 என்று முன்னிலை; அதன்பின் ஒரே ஒரு டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது), 27-18 என்று தோல்வி. 2025 ஜூலையில் ஜப்பானின் கிட்டாக்யூஷூவில் 19-7 என்று முன்னிலை. அங்கேயும் இரண்டாம் பாதியில் ஒன்றுமில்லை, 24-19 என்று தோல்வி. இந்த மூன்று ஆட்டங்களுக்கும் பயிற்சியாளர்கள் ஒருவரல்லர். வாரன் கேட்லண்ட், ரோமில் இத்தாலியிடம் 22-15 என்று தோற்ற சில நாட்களில், 2025 பிப்ரவரியில் பதவி விலகினார். இடைக்காலப் பொறுப்பு மேட் ஷெரட்டுக்கு வந்தது. ஆள் மாறியும் பழக்கம் மாறவில்லை. எதிரணிகள் பெஞ்சிலிருந்து புதுக் கால்களைக் கொண்டுவந்து வேகம் கூட்டும் அந்த வேளையில்தான் நம்மவர்கள் அடங்கிப்போகிறார்கள்.

'நம்மவர்கள்' என்று எழுதிவிட்டேன். அதை அடிக்க மனம் வரவில்லை.

இந்த அணியிடம் பெஞ்ச் வலிமையே இல்லை, முப்பது லட்சம் பேர் கொண்ட சிறிய நாடு வேறு என்ன செய்யும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் 2024 பிப்ரவரி 3 ஆம் தேதி ஆட்டத்தைச் சொல்வேன். ஸ்காட்லாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில், இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் வேல்ஸ் 27-0 என்று பின்தங்கிக் கிடந்தது. அப்புறம் நான்கு டிரை, 26 புள்ளிகள். நான்காவது டிரையை வைத்த அலெக்ஸ் மான் அன்றுதான் முதல் முறையாக நாட்டுக்காக ஆடினார், அதுவும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து. 27-26 என்று ஒரே புள்ளியில் தோற்றோம். பெரியவர் தன் சக்கர நாற்காலியின் கைப்பிடியைக் குத்திக்கொண்டே, "இந்தப் பையன்களை இவ்வளவு நேரம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள், பட்?" என்று என்னிடம் கேட்டார். எல்லாம் போன பிறகுதான் துணிச்சல் வருகிறது. இழப்பதற்கு ஏதாவது கையில் இருக்கும்போது ஆளை இறக்க அஞ்சுகிறார்கள். நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: பெஞ்சில் இருப்பவனை இறக்குவதானால், அவன் செய்வதற்கு வேலை மிச்சமிருக்கும்போது இறக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் கரையில் வேனல் வந்தால் பந்துதான். நீரோடி தமிழ்நாட்டின் கடைசி ஊர். அப்பால் பொழியூர், அது கேரளம். 1956 நவம்பர் 1 அன்று வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்தார்களே தவிர, கல்யாணத்தையும் கால்பந்தையும் யாரும் பிரிக்கவில்லை. மாமாதான் எங்கள் ஊர் அணியை நடத்தியவர். பாதி ஆட்டக்காரர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் போயிருப்பார்கள். எந்தப் படகு கரைக்கு வந்தது என்று பார்த்துத்தான் அணியே எழுதப்படும். நான் பதினேழு வயதில் இருந்தபோது, ஊர்த் திருவிழாவின் இறுதி ஆட்டம் பொழியூர் அணியோடு. பெரியம்மா மகனின் பூட்ஸைக் கடன் வாங்கி, ஒரு விரல் அளவு பெரிதாக இருந்ததால் முன்பக்கம் துணி திணித்து, ஆட்டம் தொடங்கும் முன்பே கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். வெயிலில் தார் இளகி அரைக்கால் சட்டையில் ஒட்டிக்கொண்டது. எதிரணி ஒரு கோல் போட்டது. எங்கள் வலப்பக்க ஆட்டக்காரர் நொண்டத் தொடங்கினார். மாமா என் பக்கம் திரும்பிப் பார்ப்பார், பிறகு களத்தைப் பார்ப்பார். கூட்டம் "பயல எறக்குலே" என்று கத்தியது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டிய பிறகுதான் மாமா தலையசைத்தார். நான் ஓடினேன். பந்து வேறு பக்கத்தில் இருந்தது. அது என் காலுக்கு வரும் முன் விசில் ஊதிவிட்டார்கள்.

அன்றிரவு வீட்டில் மரச்சீனியும் சாளைக் கறியும். மாமா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே நான் நன்றாக ஊன்றிவிட்டேன் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன், அது பொய்யுமில்லை. குளிருக்கு உடல் பழகிவிட்டது. சாலையில் மேலே வெல்ஷ், கீழே ஆங்கிலம் என்று இரண்டு மொழியில் இருக்கும் பலகைகள் தமிழ்-மலையாள எல்லையிலுள்ள களியக்காவிளைக்காரனுக்கு அடுத்த ஊர்க்காரனான எனக்குப் புதியவையே அல்ல. வளைவுகளில் தார்மேல் வெள்ளை எழுத்தில் 'அராஃப்', அதாவது மெல்லப் போ, என்று எழுதியிருப்பதைக் கண்டால் கால் தானாகவே பிரேக்கை அமுக்குகிறது. ஆட்ட நாட்களில் சிவப்பு ஜெர்சி போட்டுக்கொண்டு ரயிலில் கார்டிஃப் போகும் கூட்டத்தில் நானும் ஒருவன்தான். ஆனால் யாராவது ஒரு மாற்று ஆட்டக்காரர் கோட்டோரம் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே போகச் சொல்லும் சைகைக்குக் காத்திருப்பதைத் தொலைக்காட்சியில் காட்டும்போது, எனக்குத் தொடைக்கடியில் தார் சுடுகிறது.

ஸ்டீவ் டாண்டி பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பின், 2025 நவம்பரில் ஜப்பான் மீண்டும் எதிரே வந்தது, இம்முறை கார்டிஃபில். 23-21 என்று நாம் பின்தங்கியிருக்க, கடைசி உதையாக ஒரு பெனால்டி கிடைத்தது. உதைக்கப் போனவர் ஜாரட் எவன்ஸ். அன்று பெஞ்சிலிருந்து வந்தவர். பெரியவரைப் படுக்கைக்குக் கொண்டுபோகும் நேரம் கடந்துவிட்டிருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அசையவே விடவில்லை. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 24-23. இருவரும் பேசவில்லை, அவர் பிடித்த இடத்தில் நான்கு விரல் தடம் சிவந்து கிடந்தது.

அதற்கு இரண்டு வாரத்தில் தென்னாப்பிரிக்கா வந்து 73-0 என்று வென்று போனது வேறு. அந்த ஜப்பான் ஆட்டத்தின் மறுநாள் மாமாவை அழைத்தேன். விவரம் எல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவது நிமிசத்துல எறக்கினான்?" என்பதுதான்.

"நேரத்தோடதான் மாமா. வேல செய்ய நேரம் இருந்திச்சு."

"ம். அப்பிடித்தான் எறக்கணும்."

இருபது ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டேன். பொழியூர்க்காரர்களோடு ஆடிய அந்த இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா என்றேன். நினைவிருக்கிறது என்றார்; வலப்பக்க ஆட்டக்காரரின் கால் வீங்கியது, கோல் விழுந்த விதம், பரிசளிக்க வந்த பங்குத்தந்தை பேசியது எல்லாவற்றையும் சொன்னார். பிறகு சற்று நேரம் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அன்னிக்கு நீ எறங்கினியா, மக்களே?"

"எறங்கினேன், மாமா. ரெண்டு நிமிசம்."